மானிட்டரில் வராத குரல்

துரை இறந்துவிட்டார் என்று எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அதே வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஒரு தபேலாக்காரரை உயிரோடு இருக்கும்போதே சாகடித்து, கைகூப்பும் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அவர் அடுத்த ஒத்திகைக்கு வந்து டீ குடித்தார். அதனால் துரையின் எண்ணுக்கே அடித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் மணி போனது. அவர் மனைவி எடுத்து, “அக்கா” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஞானதுரையைத் தெரியும் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். முகம் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். தாராவியில் கோயில் கொடை, மாட்டுங்காவில் ஆண்டு விழா, செம்பூரில் கல்யாண வரவேற்பு என்று நாங்கள் எங்கே பாடினாலும் அவர் உங்களுக்குப் பின்னால் ஒலியைக் கலக்கும் மிக்சரோடு உட்கார்ந்திருப்பார். நீங்கள் மேடையைப் பார்த்திருப்பீர்கள். அவர் முகம் மேடையில் நின்ற எங்களுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமும் நான் அந்த முகத்தைப் பார்த்தே பாடினேன். நல்ல முகம், ஆனால் எதையும் சுலபத்தில் காட்டிக்கொடுக்காது.

பழைய மிக்சர் இருந்தவரை எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்ததில்லை. ஒவ்வொரு மைக்குக்கும் தனி வரிசையில் திருகுகள் இருந்தன. அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று மேடையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பிறகு டிஜிட்டல் மிக்சர் வந்தது. இப்போது என் குரலைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர், ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸுக்குப் போய்விடும். தாராவி லேபர் கேம்பில் தன் வீட்டு மாடியில் வைத்து அதை எனக்கு இயக்கிக் காட்டினார். வயரெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“எல்லாம் உள்ளதான்க்கா இருக்கு. உங்க கொரலு வாரது ஒரு வழி, போறது பல வழி. ஹாலுக்குப் போறது தனி, உங்க காலடில இருக்க மானிட்டர் ஸ்பீக்கருக்கு வாரது தனி. எது எங்கன போவணும்னு நான் சொல்லுததுதான்” என்றார்.

அப்படியானால் எனக்குக் கேட்பது ஒன்று, ஜனத்துக்குக் கேட்பது வேறு ஒன்றா என்றேன். திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “ஆமா, அதுக்குத்தானக்கா இந்த மிஷினே” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு எனக்குத் தொண்டையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் நடந்தது. குரல் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன். மாட்டுங்காவில் ஒரு ஒத்திகையில் துரை மேடைக்கு அருகே வந்து, சரணத்தில் உச்சிக்குப் போகும் என் பாட்டைச் சுருதியில் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். எந்தப் பாடகியிடமும் அத்தனை பேர் முன்னால் கேட்கக்கூடாத கேள்வி அது. ஜனம் யாராவது புகார் சொன்னார்களா என்றேன். இல்லை என்றார். அப்படியானால் உன் பெட்டியை மட்டும் பார் என்று சொல்லிவிட்டேன். “டென்ஷன் மத் லோக்கா, கவலப்படாம நீங்க பாடுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அடுத்த நிகழ்ச்சியில் மானிட்டரில் என் குரல் அப்படி இனித்தது. கொஞ்சம் எக்கோ சேர்த்து, பளபளவென்று வந்தது. எதற்கெல்லாமோ சந்தேகப்படுகிற நான், அன்றைக்குச் சந்தேகப்படவில்லை.

என் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. எங்களோடு கோரஸ் பாடுகிறவள் ஜான்சி. ஆண்டாப் ஹில்லில் இருக்கிறாள், பகலில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. நான் சரணத்தில் மேலே ஏறும்போதெல்லாம் துரை என்னைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பார். கை ஓரத்து ஃபேடருக்குப் போகும். அவள் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வாள். என்னைக் குறைத்து அவளைத் தூக்குகிறார் என்று முடிவு கட்டினேன். என் கணவரைப் பின்வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். அவர் வந்து, “உன் குரல் முன்னைக்கு இப்போ கனமா இருக்கு” என்றார். இவரையும் துரை சரிக்கட்டிவிட்டாரோ என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

கடைசியில் நேராகவே கேட்டேன். செம்பூரில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அவர் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். “என்ன துரை, என் கொரலக் கொறைக்குதியா?” என்றேன். சுற்றிய கேபிளைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்தார். “யேசப்பா சத்தியமா, உங்க கொரல்ல நான் ஒரு பாயிண்டு கொறைக்கலக்கா.”

அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஜான்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “அக்கா, இனிமே அந்த மேல் எடத்துல நான் உங்க கூடப் பாடணுமா வேண்டாமா? புதுசா வர்றவங்களுக்கு எப்டி சொல்றது?” என்று கேட்டாள். எந்த இடம் என்றேன். அவள் என்னைப் பார்த்து விழித்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு என் உச்சி வரிகளில் எல்லாம் அவளும் கூடவே பாடியிருக்கிறாள். துரை அவள் குரலை என் குரலுக்கு அடியில் வைத்து ஹாலுக்கு மட்டும் அனுப்பியிருக்கிறார். என் மானிட்டருக்கு அவள் குரலை விடவில்லை. “நீங்க சொல்லித்தான் செய்றோம்னு அண்ணன் சொன்னாருக்கா” என்றாள்.

செத்த மனுஷனைப் பற்றி இப்படி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவர் என்னிடம் மறைத்தார், அவளிடம் பொய் சொன்னார். என் மானம் போகாமல் காப்பாற்றினார் என்று எங்கள் குழுவில் எல்லோரும் உருகுகிறார்கள். இருக்கலாம். இந்தச் சண்டைக்காரியிடம் வாய் கொடுப்பதைவிட ஒரு பொத்தானை அழுத்துவது சுலபம் என்று நினைத்திருக்கவும் கூடும். கேட்க அவர் இல்லை. வாங்கிய கைதட்டல்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இது எனக்கா அவளுக்கா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரைக்காக அழவேண்டிய நாட்களில் இதைத்தான் செய்தேன். பிறகு அவர் ஞாபகமாக வீட்டில் ஒரு வரி பாடிப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் இருந்தது.

தாராவியில் நினைவுக் கூட்டம் வைத்தோம். மிக்சருக்கு ஒரு மராத்திப் பெண் வந்திருந்தாள். ஜான்சியின் குரலையும் என் மானிட்டரில் போடு என்று ஒத்திகையில் அவளிடம் சொன்னேன். அந்த உச்சி வரியைப் பாடினோம். என் குரல் நூலாக மெலிந்து போகிற இடத்தில் ஜான்சி வந்து தாங்கினாள். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இத்தனை நாள் நீங்கள் கேட்டதை அன்றுதான் நான் கேட்டேன். அருமையாக இருந்தது. அவ்வளவு நன்றாக அதைச் சேர்க்க எத்தனை கவனம் வேண்டும் என்றும் புரிந்தது.

கீபோர்டுக்காரரிடம் அரைக் கட்டை இறக்கச் சொன்னேன். ஜான்சியை அந்த வரியில் சும்மா நிற்கச் சொன்னேன். மாலையில் கூட்டம் வந்தது, பாடினேன். பழக்கத்தில் பின்பக்கம் பார்த்தேன். அந்த முகம் அங்கே இல்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மராத்திப் பெண்தான் இருந்தாள். உச்சி வரியை எட்டினேன், தொட்டேன், இறங்கினேன்.

துரையிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அரைக் கட்டைதான். அவர் ஒரே ஒரு தடவை கேட்டது, நான் கொடுக்காதது. அன்று கைதட்டல் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. அது யாருக்கு என்பதில் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.