பிரிக்காத பொட்டலம்

கொச்சு, உன்னைப் பற்றி எழுதித் தரும்படி உன் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். அவர்களுக்கு நீ கணக்கு டீச்சர். எனக்குத் தங்கச்சி. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தி வந்தபோது பகவதியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொன்னதால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கடையைத் திறந்திருந்தேன். உன் வீட்டுக்காரர் போனில், “அக்கா, போயிட்டா” என்றார். கையிலிருந்த சரத்தை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏனென்று தெரியவில்லை.

உன்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு காரியம் செய்யலாமா என்று தெரியாவிட்டால், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து, சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். நீ டீச்சரான புதிதில் கடைக்கு வந்து அப்படி இரண்டு பொட்டலம் கேட்டாய்.

“ஏட்டி, யாருக்கு மாப்பிள்ளை பாக்குது?”

“மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஏழாங்கிளாஸுக்கு நிகழ்தகவு பாடம். எது வரும்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டுக்கும் ஒரே வாய்ப்புன்னு காட்டணும்.”

பாடம்தானே என்று வெள்ளைக்குப் பிச்சியை வைத்துவிட்டேன். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாய்.

“அக்கா, பிள்ளைய எல்லாம் வெள்ளையத்தான் எடுக்குதுவ. மோந்து பாத்துட்டு எடுக்குதுவ!”

மறுநாள் வெள்ளைக்கு மணமில்லாத நந்தியாவட்டையும் சிவப்புக்குத் தெச்சியும் தந்தேன். பிறகு வருஷம்தோறும் தந்தேன். மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை வைத்தால் வெள்ளைக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்று எனக்கும் சொல்லித் தந்தாய். ஒருமுறை, சிவப்பாகவே எடுத்த ஒரு பெண், “டீச்சர் வெள்ளையே வைக்கல்ல” என்று அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து மிச்சப் பொட்டலங்களையும் பிள்ளைகள் முன்னால் பிரித்துக் காட்டுவாய். “எடுக்காததயும் பிரிச்சாத்தான் சோதனை. இல்லேன்னா ஏமாத்து” என்பாய்.

உன் இருதயம் கெட்டது. ஆப்பரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். நீ உடனே சம்மதித்தாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மனிடம் கேட்காமல் விடமாட்டேன் என்றேன்.

“என் நெஞ்சுக்குள்ள உள்ளது பூவுக்குத் தெரியுமாக்கா?”

“டாக்டருக்கு மட்டும் தெரியுமாக்கும்?”

கடைசியில் நீதான் இறங்கி வந்தாய். “செரி. ஆனா பொட்டலம் நான்தான் கட்டுவேன்.”

கும்பிட வந்த ஒரு சின்னப் பெண் எடுத்துத் தந்தாள். பிரித்தால் நந்தியாவட்டை. நான் அழுதுவிட்டேன். மற்றதை நீ எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அப்படியே கோயில் குளத்தில் போட்டாய்.

“ஏட்டி, அதப் பிரிக்கல்லியா?”

“வெள்ளை வந்துட்டுல்லா? நடக்கா, நேரமாச்சு.”

வெள்ளை வந்த நிம்மதியில் நானும் விட்டுவிட்டேன். அந்த இலைப் பொட்டலம் முங்காமல் மெல்லப் படித்துறையை விட்டு விலகிப் போனது மட்டும் கண்ணில் நிற்கிறது. குழித்துறை ஆற்றில் உன் சாம்பலைக் கரைத்தபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபமில்லை, மக்கா. அலுத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். இப்போது யாராவது வந்து பொட்டலம் கேட்டால், அடுத்த கடையைக் காட்டிவிடுகிறேன். நீ சமாதானமாகப் போ. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போ. குளத்தில் போட்டாயே, அதற்குள் என்ன பூ இருந்தது, கொச்சு?