ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்ட கல்யாணப் பெண்

கோடைக்குக் காரைத் தயார் செய்கிறேன் என்று பேரன் நேற்று பானெட்டைத் திறந்தான். சூடான இரும்பின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

வெள்ளைக்காரன் காலம் அது. சித்தியின் கல்யாணத்துக்காகக் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மாப்பிள்ளை ஊருக்கு வாடகைக் காரில் போனோம். டிரைவர் வைத்திருந்த தண்ணீர்த் தகர டின்னை மாமா இறக்கிவிட்டு, அந்த இடத்தில் முறுக்குக் கூடையை ஏற்றியிருந்தார். உச்சி வெயிலில், ஊருக்குச் சற்று முன்னால், என்ஜின் கொதித்து ஆவி கக்கியது.

மாமா ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க. ஆறட்டும். அதுக்குள்ள தண்ணி வேணுமுங்க."

மாமா முறுக்குக் கூடையைப் பார்த்தார். சித்திதான் சீர்வரிசைக் குடத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தாள். அங்கே ஒருவர் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, காருக்குக் கொஞ்சம் தண்ணி வேணுமுங்க."

"எடுத்துக்கங்க. நாளைக்கு எனக்குக் கண்ணாலமுங்க. அதான் இன்னிக்கே வெங்காயத்துக்குப் பாய்ச்சுறேன்."

அந்தச் சிற்றூரில் மறுநாள் ஒரே கல்யாணம்தான். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. சித்தி குடத்தை நிறைத்துக்கொண்டு திரும்பினாள். "அவருக்குத் தெரியல. யாருகிட்டயும் சொல்லாத கண்ணு" என்று வழியெல்லாம் சிரித்தாள்.

மறுநாள் மணவறையில் நான் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை அவள் காதில் மெல்லச் சொன்னார்:

"நேத்து ரோட்டுல காரைப் பாத்தப்பவே தெரியுமுங்க, நீங்கதான்னு."

சித்தி வாய்விட்டுச் சிரித்ததில் மேளக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டார்.