எல்லாவற்றுக்கும் எஸ்

அப்போது நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். செங்கல்பட்டிலிருந்து கம்பெனி பஸ். வருஷம் இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. ஒரு நாள் காலையில், பக்கத்து சீட்டு நண்பர் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அப்ளிகேஷன் ஒன்றை ப்ளூடூத்தில் என் போனுக்கு ஏற்றிவிட்டார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். விடுவேனா? சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் அவள் பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம் எல்லாவற்றையும் தட்டிவிட்டேன்.

நடுநடுவே அது ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. போனில் உள்ள நம்பர்களைப் படிக்கலாமா, மெசேஜ் அனுப்பலாமா என்று.

"இன்னாத்துக்குய்யா இத்தினி தபா கேக்குது?"

"அது அப்டித்தான் அண்ணாத்த. எஸ்ஸு எஸ்ஸுன்னு போட்டுகினே போ."

போட்டேன். ஓயாமல் கேட்ட எரிச்சலில், இனி எப்போதும் அனுமதி என்பதையும் அமுக்கித் தொலைத்தேன்.

டீ இடைவேளைக்குள் போன் அலற ஆரம்பித்தது. தங்கையின் பெயரும் பிறந்த தேதியும் நட்சத்திரமும், நீங்களும் பொருத்தம் பாருங்கள் என்ற அழைப்போடு, என் போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் போயிருந்தன. சூப்பர்வைசருக்கு, கேஸ் ஏஜென்சிக்கு, பல் டாக்டருக்கு. மாமல்லபுரம் லாட்ஜில் வேலை பார்த்த பழைய வகுப்புத் தோழன், "மச்சான், எனக்கா கேக்குற?" என்றான். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்த கருங்குழி மாப்பிள்ளையின் அப்பாவும் பேசினார். "பொண்ணுக்கு இருபத்தேழுன்னு தானே தம்பி சொன்னீங்க?" மெதுவாகத்தான் கேட்டார். பிறந்த தேதிப்படி இருபத்தொன்பது. அவர்கள் வரவில்லை.

தங்கை ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ரெண்டு வயசு கொறச்சது நீயும் அம்மாவும். நானா சொன்னேன்? இப்ப உன் போன்ல நம்பர் இருக்கற லேப்காரன் ஒருத்தன் மக நட்சத்திரமான்னு கேட்டுச் சிரிக்கிறான்."

"தெரியாம அமுக்கிட்டேன்மா. அது கேட்டுகினே இருந்துச்சு..."

"உன்னைக் கேட்டுச்சு. என்னை யாருண்ணா கேட்டாங்க?"

போனை வாங்கி அந்த அப்ளிகேஷனை அழித்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தவறுதலாகப் போன மெசேஜ், அழித்துவிடுங்கள் என்று என்னைச் சொல்லவைத்தாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் வரன் அமைந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும், "அழிக்கிறது கெடக்கட்டும்யா, அந்த அப்ளிகேஷனை என் பொண்ணுக்கும் அனுப்பேன்" என்றார். எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த வரனிடம் தங்கை தானே பேசினாள். வயதைத்தான் முதலில் சொன்னாள். அவருக்கு முப்பத்திரண்டாம். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் பத்திரிகை கொடுக்க நான் யார் யாருக்குப் போன் செய்கிறேன் என்பதை, கடைசிவரை அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.