தம்ளர்ச் சூடு

மகள் வாங்கிவந்த கைக்கடக்கமான இஸ்திரிப்பெட்டி ஈரத்துணியில் பட்டதும் எழுந்த வாசனை, கம்பம் ஊரில் எங்களைப் பெற்ற அத்தாவின் தையல் கடைக்குப் பின்னால் நானும் அக்காவும் படுத்த, இன்று செல்போன் கடையாகிவிட்ட அந்தச் சின்ன அறைக்கே என்னைக் கூட்டிப்போய்விட்டது. வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு அக்கா அங்கே ஒரு போர்வை தைத்தாள். கடையின் கரி இஸ்திரிப்பெட்டி சின்னத் துண்டுகளை இழுத்துக் கோணலாக்கிவிடும் என்று, பித்தளைத் தம்ளரில் சிரட்டைக் கங்கு போட்டு, பழந்துணியால் பிடித்துக்கொண்டு, நான் விரலால் தண்ணீர் தொட்டுவைக்கும் மூட்டுத் தையலை ஒவ்வொன்றாக அமுக்குவாள். சொய்யென்று ஆவி கிளம்பும். கல்யாணமாகிக் கூடலூருக்குக் கொண்டுபோகத்தான் தைக்கிறாள் என்று நினைத்திருந்ததால், போர்வை வளர வளர நான் தண்ணீர் தொட்டுவைப்பதை மெதுவாக்கினேன்.

கிளம்புகிற அன்றும் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

“மாப்பிள்ளை வீட்டாளுக ஜீப்போட நிக்கிறாக, இப்பப் போயி என்னத்தத் தேய்க்கிற?” என்றாள் அம்மா.

“ஒரு மூட்டுத்தாம்மா. முடிஞ்சிருச்சு.”

ஜீப் சந்து திரும்பியதும் அழுதுகொண்டே அறைக்குள் வந்தேன். போர்வை என் பாயில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முகத்தைப் புதைத்தேன். ஓரத் தையல் இன்னும் சுட்டது.