அணைக்கு மண் சுமந்த வரி

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அம்பாசமுத்திரத்தில் நாங்கள் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடிப் புத்தகம் வாசித்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் தலைவர். அந்த வருஷம் ஒவ்வொருவரும் தன் குடும்பப் பூர்வீகத்தோடு தொடர்புள்ள ஒரு சரித்திர நாவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லோரும் அதை வாசித்துப் பேச வேண்டும் என்று முடிவானது.

அடேயப்பா, அப்புறம் பார்க்கணுமே கூத்தை! மருந்துக்கடை அண்ணாச்சிக்கு அரண்மனை வைத்தியர் பாட்டனார் ஆகிவிட்டார். தலைவர், தாமிரபரணியில் அணை கட்டிய ராஜாவைப் பற்றிய நாவலை எடுத்தார். அதில் வரும் மந்திரி அவருடைய முப்பாட்டனாம். ஆதாரம்? எங்கள் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். மந்திரியின் பெயர்தான் அவர் வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை வருகிறதாம். மந்திரி கற்பனைப் பாத்திரம் என்று முன்னுரையிலேயே போட்டிருந்தது. அதை வாசித்தவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

என் முறை வந்தது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அம்மா வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவள். நான் பேசுவதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க ஆளுகளைப் பத்தி எந்த ராஜா கதையில எழுதியிருக்கான்? நீங்க மத்தவங்க எடுக்கிறதை வாசிச்சிட்டு வாங்க, போதும்."

"ஆமா, பாவம், அவங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார் மருந்துக்கடை அண்ணாச்சி. இரக்கமாம், இரக்கம்!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். தலைவர் எடுத்த நாவலின் பெயரைக் கேட்டதும் அவள் பரணிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இறக்கினாள். அதே நாவல். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில், நடவுக்குப் போன வீட்டில் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சாக்கு ஊசியால் தைத்து, மைதாப் பசையால் அட்டை ஒட்டியிருந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"இங்கன பாரு. நம்மளும் இருக்கோம்லா."

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோய், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் அணைக்கு மண் சுமந்ததைச் சொல்லும் அந்த ஒரே வரியை எழுந்து நின்று வாசித்தேன். "இதுதான் சார் நான் எடுத்தது," என்றேன்.

எல்லோரும் தங்கள் புத்தகங்களைப் புரட்டினார்கள். அவர்களிடம் இருந்தது நூலகத்தில் எடுத்த புத்தகப் பதிப்பு. அதில் ராஜா கல் நாட்டினார், மந்திரி குதிரையில் வந்தார். மண் சுமந்தவர்கள் இல்லை. தொடரைப் புத்தகமாக்கும்போது வெட்டியிருக்கிறார்கள். குதிரைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் இருந்தது!

தலைவர் நிம்மதியாகச் சிரித்தார். "கதைக்கு வேண்டாத வரி டீச்சர். அதான் எடுத்துட்டான்."

அவர் முன்னாலிருந்த புத்தகத்தை இழுத்து, குதிரைக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், அந்த வரியைப் பேனாவால் எழுத ஆரம்பித்தேன்.

"என்ன டீச்சர் செய்யுதீய? பொதுச் சொத்துல்லா!" என்று பதறினார்.

"ஆமா சார். அதான் எழுதுதேன்."