இரண்டு கையெழுத்து இயக்குநர்

அவர் லிஃப்டில் ஏற மாட்டார். இருபத்தேழு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்த்துப் பிழைக்கிறவர், ஆறாவது மாடிக்கும் படியேறித்தான் போவார். கேட்டால், "எனக்கு முன்னால இத யார் பார்த்தாங்கன்னு தெரியாதே" என்பார். நியாயம். வேலை முடிந்து இறங்கும்போதும் படியில்தான் இறங்குவார். அதற்கு என்ன காரணம் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் வரவில்லை.

கட்டடக் காவலாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. கதவு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பார், மூடும். "இன்னொரு தடவை" என்பார், மூடும். பிறகு காவலாளியைக் கூப்பிட்டு அவர் கண்ணாலும் ஒரு தடவை பார்க்கச் சொல்வார். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இவர் வீட்டில் அவர் இழுத்த பிறகு மனைவியும் இழுக்க வேண்டும். மனைவி சரியாகத்தான் இழுத்தாளா என்ற கேள்வி பாதித் தெரு தாண்டிய பிறகு அவருக்கு வரும்.

இப்படிப்பட்டவரைத் தேடி வந்துதான் ஒரு வெளிநாட்டம்மா, "என் கம்பெனிக்கு இயக்குநராக இருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

கேட்ட இடம் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கும் கட்டடத்தின் தரைத்தளம். லிஃப்டை நிறுத்தி, 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டிவிட்டு மெக்கானிக் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அட்டையைப் பார்த்த மற்றவர்கள் எல்லாம் செய்ததை அவள் செய்யவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, கைக்கடிகாரத்தை அவருக்குத் தெரியும்படி பார்க்கவில்லை.

"பிரேக் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது?" என்றாள்.

இரண்டு விஷயங்கள் அவருக்கு உறுத்தின. ஒன்று, நாலு மாடி ஏற வேண்டிய ஒருத்தி பிரேக்கைப் பற்றி விசாரிப்பது. இன்னொன்று, அவள் பேசிய தமிழ். வகுப்பில் உட்கார்ந்து படித்த தமிழ். ஒரு எழுத்துகூட முழுங்காத தமிழ். இவ்வளவு சுத்தமாகப் பேசுகிற யாரையும் அவர் நம்பியதில்லை.

"இடது பக்கம்" என்றார், பார்த்து வந்தது வலது பக்கம் என்றாலும்.

"விசித்திரமாக இருக்கிறதே. சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்ததாக நினைத்தேன்" என்றாள் அவள்.

அவள் தன் ஊரில் லிஃப்ட் பொறியாளராக இருந்தவள். இங்கே பழைய கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்க ஒரு தனியார் கம்பெனி தொடங்கலாம் என்று வந்திருந்தாள். சட்டம் அதற்குத் தடை சொல்லவில்லை. பங்கு அத்தனையையும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயக்குநர்களில் ஒருவராவது இந்த நாட்டிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் சட்டையைப் பிடிக்கக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு சட்டை வேண்டும் என்பது இதன் பொருள். சட்டத்துக்கும் சந்தேகம் உண்டு.

மெக்கானிக்குக்கு ஐம்பத்தொரு வயது. முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. பழைய கம்பெனி கைமாறியதிலிருந்து கூப்பிட்டால் போகிற ஆளாகத்தான் இருந்தார்; கூப்பிடுவது வரவரக் குறைந்துவந்தது. இந்தக் கம்பெனி பதிவானால் மாதச் சம்பளம், பயிற்சி கொடுக்கிற வேலை, உட்கார ஒரு நாற்காலி. அவளுக்கோ விசா முப்பதாம் தேதி வரைதான். அதற்குள் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தால் இங்கேயே இருந்து வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். திரும்பி வர விடுவார்களா என்பது வேறு கதை.

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். வீட்டில் யோசிக்கும் பொறுப்பு அவருடைய மைத்துனருடையது. மனைவியின் அண்ணன்; வாடகை வீட்டுத் தரகர்.

"உனக்கு எத்தன பங்கு மாப்பிள்ள?"

"ஒண்ணு."

"அவங்களுக்கு?"

"மிச்சம் எல்லாம்."

"ஒரு பங்க குடுத்து உள்ள இழுக்கறாங்க. நாளைக்கு கம்பெனி கவுந்தா அந்தம்மா பிளேன் ஏறிடும். நீ எதுல ஏறுவ? லிஃப்டுலயா? அதுலயும் ஏற மாட்ட."

மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரிலேயே கடை என்பதால் ஊரில் தொடங்கிய கம்பெனிகளும் மூடிய கம்பெனிகளும் அவள் கண்ணாடிமேல் படுத்து எழுந்தவைதான். "நீ சும்மா இரு அண்ணா. ஊர்ல இருக்கற எல்லா மோசடியும் என் கடையிலதான் ரெண்டு காப்பி எடுக்கும். இந்தம்மா பேப்பர்ல ஒரு அடித்தல் திருத்தல் இல்ல" என்றாள்.

"அடித்தல் திருத்தல் இல்லன்னாதான் பயம்" என்றார் மெக்கானிக்.

ஆனாலும் நாற்காலி கண்ணுக்குள் நின்றது. பன்னிரண்டாம் தேதி ஆடிட்டர் ஆபீசில் போய் உட்கார்ந்து, இயக்குநராக இருக்கச் சம்மதம் என்ற படிவத்தையும், அதற்குத் துணையான ஏழு படிவங்களையும், ஒவ்வொரு வரியாக, மூன்று மணி நேரம் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஆடிட்டர் இடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவர் போட்டது எந்தக் கையெழுத்து என்பதில்தான் வினை.

இருபத்து நாலு வயதில், முதல் கம்பெனியில், மேஸ்திரி ஒருவர் பராமரிப்புப் புத்தகத்தை நீட்டி, "இங்க ஒண்ணு போட்டுட்டுப் போ தம்பி" என்றார். போகாத கட்டடம், பார்க்காத லிஃப்ட். தம்பி போட்டுவிட்டுப் போனது. அடுத்த வாரம் அந்த லிஃப்ட் ஒரு புது பீரோவையும் பீரோவின் சொந்தக்காரரையும் இரண்டு மாடிக்கு நடுவில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றது. விசாரணையில் மேஸ்திரி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவருக்குக் கையெழுத்து இரண்டு. நம்பி வைக்கிற இடத்துக்கு ஒன்று: பெயரின் முடிவில் ஒரு சுழி, கீழே கோடு, கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. நம்பாத இடத்துக்கு இன்னொன்று: சுழி, கோடு, புள்ளி எதுவும் இல்லாத மொட்டைக் கையெழுத்து. பின்னால் ஏதாவது வில்லங்கம் என்றால், "இது என்னோடதே இல்ல, என்னோடதுல சுழி இருக்கும்" என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை என்பது உண்மைதான். தீயணைப்பு சிலிண்டரும் சும்மாதான் தொங்குகிறது.

வெளிநாட்டம்மாவின் எட்டுப் படிவங்களிலும் அவர் போட்டது மொட்டை.

இருபதாம் தேதி விண்ணப்பம் திரும்பி வந்தது. குடியிருக்கும் இயக்குநரின் கையெழுத்து, அவருடைய அடையாள அட்டையில் உள்ளதோடு பொருந்தவில்லை. நேரில் வந்து விளக்கவும்.

பதிவாளர் அலுவலகத்தில் ஏழாம் எண் கவுன்ட்டர் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி இரண்டு. ஒன்று படிக்க, ஒன்று ஆளைப் பார்க்க. இரண்டாவதை மாட்டிக்கொண்டு மெக்கானிக்கைப் பார்த்தாள். பக்கத்தில் வெளிநாட்டம்மாவும் ஆடிட்டரும் நின்றார்கள்.

"இந்தக் கையெழுத்து உங்களதா?"

"ஆமாங்க."

"அப்ப அட்டையில இருக்கறது?"

"அதுவும் என்னோடதுதான்."

"ரெண்டுல எது நெசம்?"

"அட்டையில இருக்கறது நெசம். இது கொஞ்சம் யோசிச்சுப் போட்டது."

"யோசிச்சுப் போட்டதா?" அவள் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள். "எத்தன பேர் இப்படி ஆள் வெச்சுக் கம்பெனி ஆரம்பிக்கறாங்க தெரியுமா? போன மாசம் ஒருத்தர் வந்தார், அவர் பேரே அவருக்கு மறந்துபோச்சு. அட்டையில இருக்கற மாதிரி பத்துத் தடவ போடுங்க. என் கண்ணு முன்னாடி."

மெக்கானிக் பேனாவை எடுத்தார். பெயர் சரியாக வந்தது. சுழி வரவில்லை. முதலாவது முட்டையாக விழுந்தது, இரண்டாவது கொக்கி. மூன்றாவதில் கோடு சுழியை வெட்டிக்கொண்டு போனது. அந்தக் கையெழுத்தை அவர் கடைசியாகப் போட்டது பதினோரு வருஷத்துக்கு முன், அந்த அட்டைக்காகத்தான். அதற்குப் பிறகு நம்பிக் கையெழுத்துப் போடும்படியாக ஒரு காகிதமும் அவர் வாழ்க்கையில் வரவில்லை. பத்தாவதைப் போட்டு முடித்தபோது அந்தத் தாளில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கவுன்ட்டர் அம்மா படிக்கிற கண்ணாடிக்கு மாறி, தாளைப் பார்த்து, மறுபடியும் ஆள் பார்க்கிற கண்ணாடிக்கு மாறினாள். "நீங்க உண்மையிலேயே அவர்தானா?" என்றாள்.

வழி இரண்டு என்று அவளே சொன்னாள். இப்போது வருகிற கையெழுத்தையே அட்டையிலும் வங்கியிலும் மாற்றிக்கொண்டு வரலாம்; அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அல்லது இயக்குநரை மாற்றலாம்.

வாசலுக்கு வந்ததும் ஆடிட்டர் குரலைத் தாழ்த்தினார். அவரிடம் தயாராக ஒரு ஆள் இருந்தார்; நாற்பத்திரண்டு கம்பெனிகளில் இயக்குநர். "நாளைக்கே வந்து போட்டுடுவார் மேடம். இருபத்தெட்டுக்குள்ள சான்றிதழ். இவர வெச்சுக்கிட்டு..." என்று மெக்கானிக்கின் பக்கம் பார்த்து, மிச்சத்தை மரியாதையாக முழுங்கினார்.

அவள் மெக்கானிக்கைக் கேட்டாள். "நீங்கள் ஏன் அப்படிப் போட்டீர்கள்?"

"உங்கள நம்பல" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். கோபமா, மொழி புரியாமலா என்று சொல்ல முடியாத தலையாட்டல்.

நடந்ததை வீட்டில் ஒளிக்க வழியில்லை. மனைவியின் கடை எதிரில்தானே இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தாள்.

"நம்ம கல்யாணப் பதிவுல எதப் போட்டீங்க?"

மெக்கானிக் தண்ணீர் குடிக்கப் போனார். அவள் அலமாரியைத் திறந்து உறையைத் தேடி எடுத்து விரித்தாள். மொட்டை.

"உன்ன இல்ல" என்றார் அடுப்படியிலிருந்து. "சாட்சிக் கையெழுத்து உங்க அண்ணன். அவர நம்பல."

அவள் காகிதத்தை மடித்து உறையில் போட்டாள். "அதுல நியாயம் இருக்கு" என்றாள். ஆனாலும் மூன்று நாளைக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

கவுன்ட்டருக்குப் போன மறுநாள் ஆடிட்டர் ஆபீசில் நாற்பத்திரண்டு கம்பெனிக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர். வணக்கம் சொன்னார், டீ வாங்கிக்கொண்டார், இடது கையில் டீயும் வலது கையில் பேனாவுமாக, ஆடிட்டர் திருப்பத் திருப்பப் போட்டுக்கொண்டே போனார். அவளுடைய படிவங்கள் அந்தக் கட்டின் அடியில் இருந்தன; மேலே வேறு மூன்று கம்பெனிகள். அவருடைய பேனா அவளுடைய கட்டை நெருங்கும்போது அவள் கையை வைத்து மூடினாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றாள்.

"எல்லாம் வழக்கமானதுதான் மேடம்."

"என் கம்பெனி என்ன வேலை செய்கிறது?"

அவர் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் டீயைப் பார்த்தார்.

அவள் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர், பார்க்காத லிஃப்டுக்கும் போடுவார்" என்று ஆடிட்டரிடம் சொன்னாள். "அந்த மெக்கானிக் மூன்று மணி நேரம் படித்துவிட்டுத்தான் என்னை நம்பவில்லை."

அன்று மாலை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கையெழுத்தை மாற்றச் சொன்னாள். அட்டை அலுவலகத்தில் ஒரு நாள், வங்கியில் இரண்டு நாள் அலைந்தார்; புது அட்டை கைக்கு வர இரண்டு வாரம் என்றார்கள். இனி சட்டப்படி மொட்டைதான் உண்மை, சுழி செத்துப்போயிற்று. நம்பாத இடத்துக்கு என்ன போடுவது என்ற கவலை வங்கி வாசலிலேயே அவருக்குத் தொடங்கிவிட்டது.

முப்பதாம் தேதி வந்தது, சான்றிதழ் வரவில்லை. தான் போட வேண்டிய கையெழுத்தையெல்லாம் அவள் முன்பே போட்டிருந்தாள். ஆபீசுக்குப் பிடித்திருந்த அறையின் சாவி, கருவிப் பெட்டிகள் ஆறு, வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினாள். மைத்துனர் அன்றே வந்துவிட்டார்.

"ஏறிடுச்சு பாத்தியா?"

"சாவி என்கிட்ட இருக்கே."

"அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. ஏன் உன்கிட்ட குடுக்கணும்?"

மெக்கானிக்குக்கும் அதுதான். கிளம்பும்போது அவளிடமே கேட்டிருந்தார்: என்ன நம்பிக்கையில் இதையெல்லாம் கொடுக்கிறீர்கள் என்று. "நம்பிக்கை இல்லை. வேறு ஆள் இல்லை" என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தப் பதிலை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஓட்டை கிடைக்கவில்லை. அதனால் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. ஒன்பது நாள் அந்த அறைக்குப் போய்ப் பெட்டிகளை எண்ணி, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் கூடவே மனைவியும் வந்து இழுத்தாள், பேச்சு திரும்பியிருந்தது.

பத்தாம் நாள் ஏழாம் எண் கவுன்ட்டரில் சான்றிதழைக் கொடுத்தார்கள். வாசலில் நின்று முழுவதும் படித்தார். கம்பெனியின் பெயர், முகவரி, இயக்குநர்கள் இருவர். அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வந்துருச்சு மேடம்."

"படம் எடுத்து அனுப்புங்கள்."

எடுத்து அனுப்பினார்.

"இரண்டாம் பக்கம்?"

"அதுல ஒண்ணுமில்ல. முத்திரை மட்டும்தான்."

"முத்திரையை அனுப்புங்கள்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்றார். பிறர் தன்னிடம் கேட்டே பழக்கப்பட்ட வாக்கியம். தன் வாயிலிருந்து வந்ததும் அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.



"மாட்டேன்" என்றாள்.

மெக்கானிக் தாளைத் திருப்பி, மனைவியின் கடைக் கண்ணாடிமேல் வைத்து, வெளிச்சம் படும்படி முத்திரையைப் படமெடுத்தார். ஓரம் மங்கலாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பினார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் மனைவி.

"பொழச்சுக்கும்" என்றார்.

"எது?"

"கம்பெனிதான்."