மூன்றாவது திருகாணி

ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஐந்து நாள்தான். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அது. தவறவிட்டால் ஏழு வருடப் படிப்பும் கோவிந்தா. இரும்பைக் கடையும்போது அதைச் சீவும் டூலின் முனை எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது என் ஆய்வு. கணக்கு சரிதான் என்று காட்ட, லேத்தில், அதாவது கடைசல் எந்திரத்தில், நிஜமாகவே கடைந்து சூட்டை அளந்திருந்தேன். இரண்டும் அப்படிப் பொருந்தின. ஸ்ரீரங்கத்து வீட்டில் அதற்காகப் பாயசமே வைத்தேன்.

ஒரு போட்டோதான் பாக்கி. டூல் பொருத்தியிருக்கும் விதத்தைக் காட்ட வேண்டும் என்று என் வழிகாட்டி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்த் திருகாணிகளைக் கழற்றினேன்.

டூலும் இரும்பும் உரசிச் சூடாகும் இடத்தில் துளி மின்சாரம் பிறக்கும். அதை அளந்தால் சூடு தெரியும். அது லேத்துக்குள் கசிந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். அதனால் டூலுக்கு அடியிலும், அதை இறுக்கும் மூன்று திருகாணிகளின் கீழும் மின்சாரம் கடத்தாத மைக்கா வெட்டி வைத்திருந்தேன். பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்குமே, அதுதான். அடியில் இருந்தது. இரண்டு திருகாணிகளின் கீழும் இருந்தது. மூன்றாவதன் கீழே இல்லை.

லேத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்குத் துடைக்கச் சொன்னீங்கல்ல மேடம், அப்ப கருப்பா ஒரு துண்டு ஒட்டிட்டு இருந்துச்சு. அழுக்குன்னு நான்தான் பெருக்கித் தள்ளிட்டேன். வேணுங்களா அது?"

பரவாயில்லை என்றேன். துடைக்கச் சொன்னவள் நான். பூஜைக்கு முன் எடுத்த நான்கு அளவுகள் கணக்கைவிட எங்கேயோ மேலே நின்றன; கைப்பழக்கம் வராத காலத்துப் பிழை என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டவளும் நானேதான். பூஜைக்குப் பிறகு எல்லாம் பொருந்த ஆரம்பித்ததும், சாமி கண் திறந்துவிட்டது என்று நம்பினேன். இவ்வளவு படித்த முட்டாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போட்டோவை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நேரம் பார்த்துக் கணவர் போன் செய்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டார். சாயங்காலம் கொடுத்துவிடுவேன் என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு புது மைக்கா வெட்டி மூன்றாவது திருகாணியின் கீழ் வைத்தேன். அதே வேகம், அதே ஆழம். அண்ணன் லேத்தை ஓடவிட்டார். மீட்டரைப் பார்த்தபடி, ஏறக் கூடாது ரங்கநாதா, ஏறவே கூடாது என்று கெஞ்சினேன். சூட்டை அளப்பதற்கென்றே ஏழு வருடம் செலவழித்தவள், உண்மையான சூடு தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

எண் ஏறியது. கிழித்துப் போட்ட தாளில் இருந்த இடத்துக்கே போய் நின்றது.

"இப்ப நல்லா ஏறுதுங்க மேடம்" என்றார் அண்ணன், சந்தோஷமாக.

அன்று நான் பைண்டிங் கடைக்குப் போகவில்லை.